இ.சி.ஜி. நார்மல், ஆனால் நெஞ்சு அடித்துக்கொள்கிறதே?

கேள்வி: எனக்கு 41 வயது. பள்ளி ஆசிரியை. இரண்டு வருடமாக, மாதத்துக்கு ஒருமுறை, சில மாதம் இரண்டு முறை, நெஞ்சு படபடவென்று அடிக்கத் தொடங்கிவிடுகிறது. காய்கறி நறுக்கும்போதும் வந்திருக்கிறது, வகுப்பில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதும் வந்திருக்கிறது. கழுத்தில்கூடத் துடிப்பது தெரியும். கால் மணி நேரம், சில சமயம் முக்கால் மணி நேரம் இருக்கும். வந்த மாதிரியே சட்டென்று நின்றும்விடும். (நின்ற பிறகு இரண்டு மூன்று முறை பாத்ரூம் போக வேண்டியிருக்கும். கூச்சமாக இருந்ததால் இதை எந்த டாக்டரிடமும் சொல்லவில்லை.) மூன்று டாக்டர்களைப் பார்த்தாயிற்று. மூன்று இடத்திலும் இ.சி.ஜி. எடுத்தார்கள். நார்மல். ஒருவர் கேஸ் என்றார். ஒருவர், ‘டென்ஷன், மெனோபாஸ் வேற நெருங்குது’ என்றார். மூன்றாமவர் நான் பேசி முடிப்பதற்குள் என் கணவரைப் பார்த்து, ‘வீட்ல ஏதாவது பிரச்னையா?’ என்று கேட்டார். இரவில் போட மனஅமைதிக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். நான்கு மாதமாகப் போடுகிறேன். படபடப்பு நிற்கவில்லை. ‘டாக்டரே ஒண்ணுமில்லைன்னுட்டாரே’ என்கிறார்கள் வீட்டில். எனக்கே என் மேல் சந்தேகம் வந்துவிட்டது. இ.சி.ஜி. நார்மலாக இருக்கும்போது இதயம் எப்படி இப்படி அடித்துக்கொள்ளும்? காதுகொடுத்துக் கேட்கும்படி ஒரு டாக்டரிடம் எப்படிச் சொல்வது? இந்த மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: சகோதரி, கூச்சப்பட்டு அடைப்புக்குறிக்குள் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதம் முழுவதிலும் ஓர் இதய மருத்துவருக்கு மிகவும் பயன்படக்கூடிய வரி அதுதான். ஏன் என்று சற்றுப் பொறுத்துச் சொல்கிறேன். அதற்கு முன், உங்களையும் உங்கள் வீட்டாரையும் ஒருசேரக் குழப்பியிருக்கும் ஒரு நம்பிக்கையை அகற்றிவிட வேண்டும்.

இ.சி.ஜி. நார்மல் என்றால் இதயம் நார்மல் என்று பெரும்பாலோர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. இதயம் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் அதற்குள் ஒரு சிறு மின்னோட்டம் பரவுகிறது. கை, கால், மார்பில் பட்டைகளைப் பொருத்தி அந்த மின்னோட்டத்தைத் தாளில் கோடாக எழுதுவதுதான் இ.சி.ஜி. வழக்கமாக எடுக்கும் இ.சி.ஜி. ஏறக்குறைய 10 விநாடிகளைத்தான் பதிவு செய்கிறது. ஒரு நாளைக்கு 86,400 விநாடிகள். உங்கள் இரண்டு வருடத் தொல்லையில் மூன்று இ.சி.ஜி. சேர்ந்து பார்த்தது அரை நிமிடம். அந்த அரை நிமிடமும் படபடப்பு இல்லாத நேரம். விட்டுவிட்டுக் கரண்ட் போகிற வீட்டுக்கு, கரண்ட் இருக்கும் நேரமாகப் பார்த்து லைன்மேன் வந்து, எல்லா விளக்கும் எரிகிறதே என்று சொல்லிவிட்டுப் போவது போன்றது இது. அவர் சொன்னது பொய்யல்ல. நீங்கள் கேட்டதற்கு அது பதிலும் அல்ல.

தாளின் மேல்பகுதியில் ‘நார்மல் சைனஸ் ரிதம்’ என்று அச்சாகியிருக்குமே, அது பெரும்பாலும் இயந்திரமே போடுகிற வாசகம். இதயத்தின் மேலறையில் சைனஸ் முடிச்சு என்று ஒரு சிறு திசு இருக்கிறது. துடிப்பைத் தொடங்கிவைப்பது அது. அந்த 10 விநாடியில் துடிப்பு அங்கிருந்து ஒழுங்காகக் கிளம்பியது என்பதற்கு மேல் அந்த வாசகத்தில் ஒன்றுமில்லை. போன வாரம் என்ன நடந்தது என்று அந்தத் தாளுக்குத் தெரியாது.

சரி, படபடப்பு எங்கிருந்து வருகிறது? கடிதத்தை வைத்துக்கொண்டு நோயின் பெயரைச் சொல்வது முறையல்ல, சொல்லவும் மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் விதத்தைப் படிக்கிற இதய மருத்துவர் எவருக்கும் முதலில் நினைவுக்கு வரும் தொல்லை ஒன்று உண்டு. மருத்துவத்தில் அதை எஸ்.வி.டி. என்பார்கள். இதயத்தின் மேற்பகுதியில் மின்னோட்டம் வழிதவறி, திடீரென வேகம் பிடிக்கும் துடிப்பு என்று பொருள்.

அது நடக்கும் விதம் இப்படி. சைனஸ் முடிச்சில் கிளம்பும் மின்னோட்டம் மேலறைகளைக் கடந்து, நடுவில் ஏ.வி. முடிச்சு என்ற ஒரே வாசல் வழியாகக் கீழறைகளுக்கு இறங்க வேண்டும். சிலருக்கு அந்த வாசலை ஒட்டி ஒன்றுக்கு இரண்டாகப் பாதைகள் அமைந்திருக்கும். ஒன்றில் மின்னோட்டம் வேகமாகப் போகும், மற்றதில் மெதுவாக. சாதாரண நாட்களில் இதனால் ஒரு தொந்தரவும் இல்லை. என்றைக்காவது ஒரு துடிப்பு நேரம் தவறி முந்திக்கொண்டு வந்துவிட்டால், அது மெதுவான பாதை வழியே இறங்கி, வேகமான பாதை வழியே திரும்ப மேலேறி, மறுபடி இறங்கி, அதே இடத்தில் வட்டமிடத் தொடங்கிவிடும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு துடிப்பு. நிமிடத்துக்கு 150, 180, சிலருக்கு 200-க்கு மேலும் போகும். வட்டம் எங்காவது அறுபட்ட மறுகணம் எல்லாம் பழையபடி ஆகிவிடும். சட்டென்று வந்து சட்டென்று நிற்பதற்குக் காரணம் இந்த வட்டம்தான். இந்தக் குறிப்பிட்ட வகை ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறக்குறைய இரு மடங்கு வருகிறது.

கழுத்தில் துடிப்பு தெரிகிறது என்கிறீர்கள். மேலறையும் கீழறையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சுருங்க வேண்டியவை. இந்த வட்டத்தில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் சுருங்குகின்றன. கீழே போகும் வால்வு மூடியிருப்பதால் மேலறை ரத்தம் கழுத்து ரத்தக்குழாய்க்குள் பின்னோக்கித் தள்ளப்படுகிறது. நீங்கள் உணர்வது அதுவாக இருக்கலாம்.

இப்போது அந்த அடைப்புக்குறி வரிக்கு வருகிறேன். மூடிய வால்வை எதிர்த்துச் சுருங்கிச் சுருங்கி மேலறையின் சுவர் இழுபடும்போது அங்கிருந்து ஒரு ஹார்மோன் சுரக்கிறது. ஹார்மோன் என்பது ரத்தத்தில் கலந்து வேறோர் உறுப்புக்குச் செய்தி கொண்டுபோகும் பொருள். ‘உடம்பில் நீர் கூடிவிட்டது, வெளியேற்று’ என்று அது சிறுநீரகத்துக்குச் செய்தி சொல்கிறது. அதனால்தான் படபடப்பு அடங்கிய பிறகு சிறுநீர் இப்படி அதிகமாகப் பிரிகிறது. எல்லாருக்கும் இது நேர்வதில்லை. நேரும்போது எஸ்.வி.டி. பக்கம் கைகாட்டும் தடயம் என்று பாடப்புத்தகங்களே இதைக் குறிப்பிடுகின்றன. மூன்று டாக்டர்களில் ஒருவர் இதைக் கேட்டிருக்கலாம். கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லியிருக்கலாம். இனிமேல் சொல்லுங்கள், இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

பதற்றத்தால் வரும் படபடப்பு வேறு மாதிரி இருக்கும். அதில் மின்னோட்டம் சரியான பாதையில்தான் போகிறது, வேகம் மட்டும் கூடுகிறது. படிப்படியாக ஏறி, படிப்படியாக இறங்கும். எந்த நொடியில் நின்றது என்று பெரும்பாலும் சொல்ல முடியாது. உங்களால் சொல்ல முடிகிறது.

இந்த இரண்டும் இடம் மாறிப்போவது உங்கள் ஊரில் மட்டும் நடப்பதில்லை. 1997-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் ஓர் ஆய்வு வந்தது. எஸ்.வி.டி. இருப்பது உறுதியான 107 பேரின் பழைய கதையை அதில் விசாரித்தார்கள். 59 பேருக்கு முதல் பரிசோதனையில் அது கண்டுபிடிக்கப்படவே இல்லை. கண்டுபிடிக்க ஆன காலத்தின் நடு அளவு 3.3 ஆண்டுகள். அந்த 59 பேரில் 32 பேரிடம், இது பீதி, பதற்றம், மனஅழுத்தம் என்றுதான் டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். அப்படிச் சொல்லப்பட்டது பெண்களில் 65 சதவீதம், ஆண்களில் 32 சதவீதம். இந்த எண்களை உங்கள் கணவரிடமும் படித்துக் காட்டுங்கள். உங்களைக் குறை சொல்லவோ டாக்டர்களைக் குறை சொல்லவோ அல்ல. உங்களுக்கு நடந்திருப்பது அடிக்கடி நடக்கிற ஒன்று என்று அவருக்கும் தெரிய வேண்டும் என்பதற்காக.

அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. அந்த 107 பேரில் 32 பேருக்கு, படபடப்பு இல்லாத நேரத்து இ.சி.ஜி.யிலேயே தடயம் இருந்தது. பிறவியிலேயே இதயத்தில் ஒரு கூடுதல் மின்பாதை இருப்பவர்களில் பலருக்கு அமைதியான இ.சி.ஜி.யில்கூட ஒரு சிறு சாய்வுக் கோடு தெரியும். அந்த 32 பேரிலும் 13 பேருக்கு முதலில் நோய் கண்டுபிடிக்கப்படவில்லை. ஆகவே உங்களிடம் இருக்கும் மூன்று தாள்களையும் இன்னொரு முறை, இதய மருத்துவர் ஒருவர் நிதானமாகப் பார்ப்பதில் பொருள் இருக்கிறது. அந்தத் தாள்களை லேமினேட் செய்துவிடாதீர்கள். பெரும்பாலான இ.சி.ஜி. தாள் வெப்பத்தால் எழுதப்படுவது. லேமினேஷன் இயந்திரத்தின் சூட்டில் முழுத் தாளும் கறுத்துவிடும். சும்மா வைத்திருந்தாலும் நாளடைவில் மங்கும். இன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்து, போனிலும் படம் பிடித்து வையுங்கள்.

டாக்டர்கள் பக்க நியாயத்தையும் சொல்ல வேண்டும். படபடப்பு என்று வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு ஆபத்தான எதுவும் இருப்பதில்லை என்பது உண்மை. பதற்றத்தால் வருவதும் உண்டு, அதுவும் நிஜமான வேதனைதான். ரத்தசோகை, தைராய்டு அதிகமாகச் சுரப்பது, உடம்பில் நீர் வற்றுவது, ஆஸ்துமா மருந்துகள், மூக்கடைப்புக்குக் கடையில் வாங்கும் சில மாத்திரைகள், மாதவிடாய் நிற்கும் காலத்து ஹார்மோன் மாற்றம், எல்லாமே இதயத்தை வேகமாகத் துடிக்கவைக்கும். மெனோபாஸைக் குறிப்பிட்டவர் இல்லாத ஒன்றைச் சொல்லிவிடவில்லை. ஆனால் மற்றவற்றைப் பார்த்து, இல்லை என்று ஒதுக்கிய பிறகுதான் ஒருவர் டென்ஷன் என்ற முடிவுக்கு வர வேண்டும். எதையும் பார்க்காமல் முதலிலேயே அதைச் சொல்வதைத்தான் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. நெஞ்சு நிமிடத்துக்கு 180 முறை அடித்தால் யாருக்கும் பயமாக இருக்கும். அந்தப் பயத்தைப் பார்த்துவிட்டு, பயந்ததால்தான் நெஞ்சு அடிக்கிறது என்று முடிவுகட்டினால் காரணமும் விளைவும் தலைகீழாகிவிடுகின்றன.

ஆகவே உங்களுக்கு இப்போது வேண்டியது ஒன்றே ஒன்று: படபடப்பு நடந்துகொண்டிருக்கும்போது எடுத்த ஒரு பதிவு. அது கிடைத்துவிட்டால் விவாதத்துக்கே இடமில்லை.

முக்கால் மணி நேரம் நீடிப்பது இந்த ஒரு விஷயத்தில் உங்களுக்குச் சாதகம். வீட்டுக்கும் பள்ளிக்கும் அருகே, இ.சி.ஜி. எடுக்கும் இடம் எது என்று இன்றே பார்த்து வையுங்கள். ஆரம்ப சுகாதார நிலையமோ, பரிசோதனைக்கூடமோ, சின்னக் கிளினிக்கோ, எதுவானாலும் சரி. பெரிய ஆஸ்பத்திரியைத் தேடி ஒரு மணி நேரம் பயணம் செய்தால் வழியிலேயே நின்றுவிடும். படபடப்பு தொடங்கியதும் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு நேரே அங்கே போங்கள். நீங்கள் வண்டி ஓட்ட வேண்டாம். போனதும், ‘இப்போ அடிச்சிக்கிட்டிருக்கு, முதல்ல இ.சி.ஜி. எடுத்துடுங்க’ என்று சொல்லுங்கள். டோக்கன், உயரம், எடை எல்லாம் பிறகு ஆகட்டும்.

அங்கே போகும்வரை நாடியை எண்ணலாம். கட்டைவிரலுக்கு நேர் கீழே, மணிக்கட்டின் ஓரத்தில் இரண்டு விரல்களை வைத்து 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். எண்ண முடியாத வேகம் என்றால் அதையே எழுதி வையுங்கள். கொரோனா காலத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டர், அதாவது விரலில் மாட்டும் அந்தச் சிறு கருவி, பல வீடுகளில் இன்னும் மேஜை அறைக்குள் கிடக்கிறது. அது நாடியின் வேகத்தையும் காட்டும். விரலில் மாட்டி, எண் தெரியும்படி போனில் ஒரு நிமிடம் வீடியோ எடுங்கள். துடிப்பு தாறுமாறாக இருந்தால் அந்த எண் தவறலாம், அதனால் அது இ.சி.ஜி.க்கு ஈடல்ல. ஆனாலும் உட்கார்ந்திருக்கும்போது 170 என்று தெரியும் ஒரு வீடியோவைப் பார்த்த பிறகு, கேஸ் என்று சொல்ல எந்த டாக்டரும் தயங்குவார். சில கைக்கடிகாரங்கள் விரல் வைத்தால் ஒற்றைக்கோட்டு இ.சி.ஜி. எடுத்துத் தருகின்றன. உறவினர் யாரிடமாவது இருந்தால் சில வாரம் இரவல் வாங்குவதில் தவறில்லை.

அப்படியும் அகப்படாவிட்டால் ஹோல்ட்டர். இடுப்பில் கட்டிக்கொண்டு ஒன்றிரண்டு நாள் வழக்கமான வேலைகளைச் செய்துகொண்டே எடுக்கும் தொடர் இ.சி.ஜி. இது. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஹெலினா என்ற ஊரில் இருந்த நார்மன் ஹோல்ட்டர் என்ற விஞ்ஞானியின் பெயர் அதற்கு. படுக்கையில் அசையாமல் கிடக்கும் இதயத்தைப் பார்த்தால் போதாது, வேலை செய்துகொண்டிருக்கும் மனிதரின் இதயத்தைப் பார்க்க வேண்டும் என்று அவர் நினைத்தார். முதலில் செய்த கருவி ஏறக்குறைய 38 கிலோ. அதை முதுகில் சுமந்துகொண்டு பரிசோதித்தார்கள். இப்போது கைக்குள் அடங்குகிறது. புடவைக்குள் மறைத்துக்கொண்டு நீங்கள் பாடமே நடத்தலாம். ஒட்டுப் பட்டைகள் நனையக்கூடாது என்பதால் கழற்றும்வரை குளிக்க முடியாது, அவ்வளவுதான்.

இங்கேதான் இரண்டாவது ஏமாற்றம் காத்திருக்கும், முன்பே சொல்லிவிடுகிறேன். மாதம் ஒருமுறை வருவது, ஹோல்ட்டர் கட்டிய அந்த ஒன்றிரண்டு நாளில் வராமல் போகவே வாய்ப்பு அதிகம். வராவிட்டால் ‘ஹோல்ட்டரும் நார்மல்’ என்று ரிப்போர்ட் வரும். அப்போது மனம் தளராமல் ஒன்றைக் கேளுங்கள்: ‘இது கட்டியிருந்தப்போ எனக்குப் படபடப்பே வரலையே டாக்டர், அதிக நாள் பதிவு பண்ற கருவி வைக்கலாமா?’ மார்பில் ஒட்டி 14 நாள்வரை பதிவு செய்யும் பட்டைகள் இருக்கின்றன. படபடப்பு வரும்போது மட்டும் பொத்தானை அழுத்திப் பதிவு செய்யும் கருவிகளும் இருக்கின்றன. மாறாக, கருவி ஓடிக்கொண்டிருக்கும்போதே உங்கள் வழக்கமான படபடப்பு வந்து, பதிவில் துடிப்பு சரியான பாதையிலேயே இருந்தது என்றால், அது முழுமையான பதில். அதை நம்பலாம். அதன் பிறகு ஒருவர் பதற்றத்துக்குச் சிகிச்சை பெறச் சொன்னால் அது உங்களைத் தட்டிக்கழிப்பது ஆகாது.

கூடவே ரத்தத்தில் ஹீமோகுளோபின், தைராய்டு, பொட்டாசியம் பார்த்துவிட வேண்டும். ஒருமுறை எக்கோ, அதாவது ஒலி அலைகளால் இதயத்தின் அமைப்பையும் வால்வுகளையும் படமாகப் பார்க்கும் சோதனையும் வேண்டும். நம் நாட்டில் சிறு வயதில் வந்த வாதக்காய்ச்சலால் வால்வு சுருங்கி, அது தெரியாமலே நாற்பது வயதில் படபடப்போடு வருகிற பெண்கள் இன்றும் இருக்கிறார்கள். எக்கோ பார்த்தால் அது தெரிந்துவிடும்.

உங்கள் இரண்டாவது கேள்வி முதலாவதைவிடக் கடினம். 1984-ல் அமெரிக்காவில் டாக்டர், நோயாளி உரையாடல்களை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தார்கள். நோயாளி பேசத் தொடங்கி சராசரியாக 18 விநாடியில் டாக்டர் குறுக்கிட்டிருந்தார். வாசலில் நாற்பது பேர் காத்திருக்கும் நம் ஊர் ஓ.பி.யில் அந்த அளவுகூடக் கிடைப்பது அரிது. அது சரியென்று நான் சொல்லவில்லை. உங்கள் உடம்பு, முழுக்கக் கேட்கச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஆனாலும் அடுத்த முறை போகும்போது முதல் 18 விநாடியில் எதைச் சொல்வது என்று தீர்மானித்துக்கொண்டு போவது நல்லது.

பெரும்பாலோர் அந்த நேரத்தில் தாமே ஒரு நோயைச் சொல்லிவிடுகிறார்கள். ‘கேஸா இருக்குமோ டாக்டர்’, ‘கொஞ்சம் டென்ஷன் ஜாஸ்தி’ என்று நாமே தொடங்கினால், அதே வார்த்தை நமக்குத் திரும்பி வருவதில் வியப்பில்லை. பெயரை விட்டுவிட்டு, நடந்ததைச் சொல்லுங்கள். ‘ரெண்டு வருஷமா மாசத்துக்கு ஒரு தடவை நெஞ்சு திடீர்னு வேகமா அடிக்குது. கால் மணியிலிருந்து முக்கால் மணி இருக்கும், திடீர்னு நின்னுடும். கழுத்துலயும் துடிக்கும். நின்னதும் சிறுநீர் நிறையப் போகுது. இதுவரைக்கும் அது நடக்கிறப்போ ஒரு இ.சி.ஜி.யும் எடுக்கலை.’ இவ்வளவுதான். நிதானமாகச் சொன்னாலும் 18 விநாடிக்குள் பெரும்பகுதி முடிந்துவிடும். கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். நீங்கள் எதற்காக வந்திருக்கிறீர்கள் என்பதை டாக்டருக்குப் புரியவைப்பது அதுதான். ஒரு தாளில் தேதி, தொடங்கிய நேரம், நின்ற நேரம், நாடி, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று எழுதி மேஜைமேல் வைத்துவிடுங்கள். மயக்கம் வந்து விழுந்ததுண்டா, மாடி ஏறும்போது வருகிறதா, குடும்பத்தில் சின்ன வயதில் திடீரென இறந்தவர்கள் உண்டா என்பதும் அதில் இருக்கட்டும். இந்த மூன்றில் எதற்காவது ஆமாம் என்பது பதில் என்றால் மருத்துவர் உங்களை அவசரமாகக் கவனிக்க வேண்டும்.

உங்கள் கணவர் கூட வரட்டும், ஆனால் பேசுவது நீங்களாக இருக்கட்டும். உள்ளே போவதற்கு முன்பே அவரிடம் சொல்லி வையுங்கள்: டாக்டர் அவரைப் பார்த்துக் கேட்டால், ‘அவங்களே சொல்வாங்க’ என்று அவர் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு, அவர் கண்ணால் பார்த்ததை மட்டும் சேர்த்துக்கொள்ளட்டும்: அன்றைக்கு முகம் வெளிறியிருந்தது, வியர்த்தது என்று. நேரில் பார்த்த ஒருவரின் சாட்சிக்கு மருத்துவர்கள் மதிப்புத் தருவார்கள்.

அப்படியும் டென்ஷன் என்றே முடிந்தால், கோபப்படாமல் ஒரு கேள்வி கேளுங்கள்: ‘சரிங்க டாக்டர். இதயத் துடிப்புக் கோளாறு இல்லைன்னு எதை வச்சு முடிவு பண்ணலாம்?’ நல்ல மருத்துவர் அந்த இடத்தில் நின்று யோசிப்பார். யோசிக்காதவரிடம் மேற்கொண்டு வாதாடி உங்கள் சக்தியைச் செலவழிக்க வேண்டாம். இ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை முடிவு, மருந்துச் சீட்டு அனைத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டு வேறொருவரிடம் போங்கள். இரண்டாவது கருத்துப் பெறுவது நோயாளியின் உரிமை என்று தேசிய மனித உரிமை ஆணையம் 2018-ல் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனமே சொல்கிறது. போகும் இடத்தில் பழைய டாக்டரைப் பற்றிய குறையோடு தொடங்காதீர்கள். உங்கள் மனக்குறை நியாயமானது என்றாலும் அந்த முதல் 18 விநாடி அதற்கே போய்விடும்.

யாரிடம் போவது? இதய மருத்துவர்களிலேயே துடிப்பின் மின்கோளாறுகளுக்கென்று தனியாகப் பயின்றவர்கள் இருக்கிறார்கள். எலக்ட்ரோபிசியாலஜிஸ்ட் என்பார்கள். பெரிய நகரங்களின் இதயச் சிகிச்சை மையங்களில் இருப்பார்கள். முதலிலேயே அவரைத் தேடி ஓட வேண்டியதில்லை. ஒரு பதிவு கையில் கிடைத்ததும் போகலாம். எஸ்.வி.டி. என்றே தெரியவந்தாலும் கலங்க வேண்டாம். மற்றபடி ஆரோக்கியமான இதயத்தில் இது பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லாதது. மாத்திரையால் கட்டுப்படுத்தலாம். தொடை ரத்தக்குழாய் வழியே மெல்லிய கம்பியைச் செலுத்தி, வட்டமிடும் அந்த மெதுவான பாதையை மட்டும் சூட்டால் அடைத்துவிடும் அப்லேஷன் சிகிச்சையும் இருக்கிறது. நான் மேலே விவரித்த வகையில் இது 95 சதவீதத்துக்கு மேல் வெற்றி தருகிறது. அரிதாகச் சிலருக்கு ஏ.வி. முடிச்சே பாதிக்கப்பட்டு பேஸ்மேக்கர் வைக்க நேரலாம், அதையும் கேட்டுத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். வீட்டிலேயே மூச்சை அடக்கி, ஊதுவதுபோல் முக்கிப் படபடப்பை நிறுத்தும் ஒரு பயிற்சியும் உண்டு. ஊதிய உடனே மல்லாந்து படுத்துக் கால்களைத் தூக்கினால் அது இன்னும் நன்றாகப் பலிக்கிறது என்று 2015-ல் இங்கிலாந்து ஆய்வு ஒன்று காட்டியது. வெறுமனே சாய்ந்து உட்கார்ந்தவாறு ஊதியவர்களில் 17 சதவீதம் பேருக்குத் துடிப்பு சரியானது, கால்களைத் தூக்கியவர்களில் 43 சதவீதம். நோய் இன்னதென்று உறுதியான பிறகு மருத்துவர் முன்னால் செய்து பழகிக்கொள்ளுங்கள். யாராவது கழுத்தை அமுக்கினால் நின்றுவிடும் என்று சொன்னால் வீட்டில் அதைச் செய்ய வேண்டாம்.

பதிவுக்காகக் காத்திருக்கக் கூடாத நேரங்களும் உண்டு. படபடப்போடு நினைவு தப்பினால், மூச்சு வாங்கினால், நெஞ்சை அழுத்துகிற வலி வந்தால், குளிர்ந்து வியர்த்தால், 108-ஐ அழைத்து நேரே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். அங்கேயும் முதல் இ.சி.ஜி. நார்மலாக வரலாம். மாரடைப்பின் தொடக்கத்தில் அப்படி வருவதுண்டு. அடிபட்ட இதயத்தசையிலிருந்து ரத்தத்தில் கசியும் ட்ரோபோனின் என்ற புரதமும் உயர்வதற்குச் சில மணி நேரம் எடுக்கும். ஜெலுசில் குடித்ததும் வலி குறைந்தது என்பதை வைத்து கேஸ் என்று முடிவுசெய்ய முடியாது. வலி இருக்கும்போதே வீட்டுக்குப் போகச் சொன்னால், ‘ட்ரோபோனின் பார்த்தாச்சா? இன்னொரு இ.சி.ஜி. எடுத்துப் பார்த்துட்டு அனுப்புறீங்களா?’ என்று கேட்டுவிட்டு உட்கார்ந்திருங்கள். எழுந்து வர வேண்டாம்.

கடைசியாக, மாத்திரை. நான்கு மாதமாக இரவில் போடும் அந்த மனஅமைதி மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அது உங்களுக்குத் தேவைப்படாததாகவே இருக்கலாம். ஆனால் அந்த வகை மருந்துகள் பலவற்றுக்கு உடம்பு பழகிவிடும். ஒரே நாளில் நிறுத்தினால் தூக்கம் கெட்டு, கை நடுங்கி, நெஞ்சும் படபடக்கும். உங்களுக்கு முன்பே இருக்கும் படபடப்போடு அது கலந்துவிட்டால் எது எதனால் என்று பிரிக்க முடியாமல் போகும். மாத்திரை அட்டையையும் புதிய மருத்துவரிடம் எடுத்துக்கொண்டு போங்கள். நிறுத்த வேண்டுமென்றால் அளவைச் சில வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்த அவர் எழுதித் தருவார்.